உசிலம்பட்டிக்கு ஒரு குழாய் சிவப்பு மாத்திரை

கப்பலில் ஆறு நாள் வாந்தி எடுத்தவனுக்கு மதுரையில் ரயிலைவிட்டு இறங்கியதும் பக்தி வரவில்லை, பசிதான் வந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் கரியடுப்பின் மேல் பெரிய பானையை வைத்து ஏதோ விற்றுக்கொண்டிருந்தார். பருத்திப்பால் என்றார். பருத்தியில் ஏது பால், வேட்டியைப் பிழிந்து எடுப்பார்களோ என்ற சந்தேகத்தோடுதான் வாங்கினேன். கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில் இறங்கியபோது சந்தேகமும் கூடவே இறங்கிவிட்டது. மூன்றாவது குவளைக்குக் கையை நீட்டினேன்.

"எந்த ஊரு தம்பி?"

"மலாய்நாடு."

"ஏன், அங்கிட்டு மாடெல்லாம் பால் கறக்காதோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

நான் மலாய்நாட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவேன், ஊசி கொதிக்கவைப்பேன், மலேரியாவுக்குக் கொய்னா கலக்கிக் கொடுப்பேன். டாக்டர் இல்லாத நாளில் நானேதான் டாக்டர், அந்த மிதப்பு எனக்கு நிறைய உண்டு. அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். நானும் அக்கா பொன்னுத்தாயும் பிறந்ததும் வளர்ந்ததும் தோட்டத்தில். எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவை மட்டும் அப்பாவின் ஊர்ப்பக்கத்திலேயே கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கிறது என்று கடிதம் வந்தபோது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீட்டு ஆள் என்று போய் நிற்க நான் ஒருவன்தான். லீவு கேட்டேன். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது.

எங்கள் தோட்டத்து டாக்டர் லீவுச் சீட்டோடு ஒரு கண்ணாடிக் குழாயையும் கொடுத்தார். உள்ளே இருபது சிவப்பு மாத்திரை. பிரசவக் காய்ச்சலுக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்த மருந்து. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் குளிர் கண்டு, பத்தாம் நாள் பாடையேறிய பெண்களை அந்தத் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயங்களில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்த மாத்திரை வந்த பிறகு இரண்டு பேர் எழுந்து நடந்ததையும் பார்த்தேன். அதனால் அந்தக் குழாயைப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. கப்பல் முழுக்க இடுப்பிலேயே கட்டியிருந்தேன்.

உசிலம்பட்டி பஸ்ஸைக் கிளப்புவதற்கு டிரைவர் முன்னால் நின்று கம்பியைத் திருகு திருகென்று திருகினார். கிளம்பியது. செக்கானூரணி தாண்டியதும் புகை விட்டு நின்றது. பக்கத்துக் கிணற்றில் ஒரு அம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் குடத்தைக் கேட்டார்.

"பஸ்ஸுக்கு வேணும்னா ஓடி வாரீக. என் எருமை நேத்துலருந்து நாக்கத் தொங்கப் போட்டுக் கெடக்கு, அதுக்கு எவன் கேட்டான்?" என்று திட்டிக்கொண்டே குடத்தைக் கொடுத்தாள்.

எங்கள் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு மழை வரும். அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். இங்கே வானம் சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. வண்டிக்குள் இரண்டு பேர் போன ஐப்பசியில் பெய்த ஒரு மழையைப் பற்றி, இறந்துபோன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போல மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

உசிலம்பட்டியில் மச்சான் ஒச்சப்பன் மாட்டுவண்டியோடு நின்றார். அக்கா வீட்டுக்காரர். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். என் பெட்டியைத் தூக்கி வண்டியில் போட்டார்.

"புள்ள பொறந்துருச்சு மாப்ள. பொட்டப்புள்ள. அஞ்சு நாளாச்சு."

"அக்கா?"

அவர் மாட்டைத் தட்டினார். "மூணா நாள்லருந்து காயுது. குளுரு தூக்கித் தூக்கிப் போடுது."

இடுப்பில் இருந்த குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தேவைப்படாது என்று நினைத்து நான் கொண்டுவந்த மருந்து அது. குடையை எடுத்துக்கொண்டு போனால் மழை வராது என்பார்களே, அந்த நம்பிக்கையில்தான் இடுப்பில் கட்டியிருந்தேன்.

மச்சானின் ஊர், பேரையூர் போகும் திக்கில், சோளத்தட்டைக்கும் கருவேல மரத்துக்கும் நடுவில் இருந்தது. வீட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. நேராக அதற்குள் நுழையப் போனேன். அக்காவின் மாமியார், எனக்கு அத்தை முறை, குறுக்கே வந்து நின்றாள்.

"பச்ச ஒடம்புக்காரி இருக்கிற எடம்யா. பதினாறு கழியாம ஆம்பள போகக்கூடாது."

"நான் டிரெஸ்ஸர் அத்தை. தெனமும் பார்க்கிறதுதான்."

"அது அங்க. இங்க நீ தம்பி."

கதவுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. எட்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன். "வந்துட்டியாய்யா? சாப்ட்டியா?" அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் அவள் மூன்று தடவை மூச்சு வாங்கினாள். காய்ச்சல் எவ்வளவு என்று அதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நின்றபடி அழுதுவிட்டேன்.

குழாயை அத்தையின் கையில் கொடுத்தேன். வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை என்று சொன்னேன். மாத்திரையைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறியது. "இம்புட்டுச் செவப்பா இருக்கே, குங்குமத்த உருட்டினாப்புல?" என்றாள். "செவப்புலதான் அத்தை சக்தியே இருக்கு" என்று அடித்துச் சொன்னேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் எனக்கு நல்ல நாள். கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். களியைச் சோறு போல மென்று நான் பட்ட பாட்டைப் பார்த்து மச்சான் முதல் தடவையாகச் சிரித்தார். "மெல்லாத மாப்ள, முழுங்கு" என்று சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் அத்தை வந்து, குளிர் இல்லை, கஞ்சி குடித்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள் என்றாள். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். ஊரில்தான் இருக்கிறேன் என்று போலீசிடம் காட்டிவிட்டு வரப் போகிறாராம். அந்தப் பக்கத்தில் எத்தனையோ பேரைக் குற்றப் பரம்பரை என்று கைரேகைச் சட்டத்தில் பதிந்து வைத்திருந்தார்கள். வெளியூரில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமானால் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். "நீங்க என்ன திருடினீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "பொறந்தேன்" என்றார். தோட்டத்தில் நாங்கள் பட்ட கேவலங்கள் ஒரு தினுசு என்றால் இது வேறு தினுசு.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி குளிர். சுவரின் இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கட்டில் ஆடுவது கேட்டது. "மாத்திரை குடுத்தீங்களா அத்தை?" என்று கேட்டேன். "குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்தாச்சுய்யா" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். வேளைக்கு மூன்றாகக் கொடுக்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

விடிந்ததும் கொல்லைப்புறம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். எருக்குழி ஓரம் ஒரு வெள்ளைக் கோழி நின்றது. அதன் அலகு ரத்தச் சிவப்பு. பக்கத்தில் ஈரச் சாணம் முழுக்கச் சிவப்பாக ஊறிக் கிடந்தது. நடுவில் என் கண்ணாடிக் குழாய், மூடி இல்லாமல், காலியாக.

அதன் பிறகு நான் பேசியதெல்லாம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அத்தையைக் கொல்லைக்கு இழுத்து வந்து, "கொலைகாரி" என்றேன். "காட்டுக்கூட்டம்" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குரலை ரொம்பத் தாழ்த்திச் சொன்னாள்.

"துணியெல்லாம் ரத்தம்யா. நீர் போனா ரத்தமாப் போகுது. மூணு தடவ நானே பாத்தேன். ஓம் மருந்து அவ ஈரலக் கரைச்சு எறக்குதுன்னு நெனச்சேன். ஒன்கிட்ட எப்பிடிய்யா அதச் சொல்லுவேன், அவ கூடப்பொறந்தவன்கிட்ட?"

"அது ரத்தமில்ல! சாயம்! மாத்திரையோட சாயம்!"

"அத மொதல்லயே சொல்லிருக்கலாமுல்ல?"

இன்னும் பலமாகக் கத்தினேன். மச்சான் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு அவள் கொண்டுவந்து வைத்த கஞ்சியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

உசிலம்பட்டியில் அந்த மருந்து இல்லை. மதுரைக்குத்தான் போக வேண்டும். ஒரே நாளில் திரும்ப முடியாமல் போனால் மச்சானுக்குச் சீட்டு வேண்டும், அதற்காக யாரையெல்லாமோ பார்க்க வேண்டும். நானே கிளம்பினேன்.

மதுரையில் பெரிய டாக்டர் என்று எல்லோரும் கைகாட்டியது காஜிமார் தெருப் பக்கம் வைத்தியம் பார்த்த ஒரு ராவுத்தரை. மருந்தும் அவரே கொடுப்பார். தாடி நரைத்தவர். வாசலில் ஐம்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு மாத்திரை வேண்டும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பொட்டலத்தைக் கட்டிக் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். வெள்ளை மாத்திரை.

"இது இல்லைங்க. செவப்பு."

"அதுதான் இது. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ரெண்டு குடு. அடுத்த ஆளு வாங்க."

பின்னால் நின்றவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தெருவில் நின்று ஒரு மாத்திரையை நக்கிப் பார்த்தேன். லேசான கசப்பு. ஒரு கடையில் தண்ணீர் வாங்கி அதில் ஒன்றைப் போட்டேன். கரையவே யோசித்தது, நிறம் துளியும் இல்லை. கொய்னா என்று சொல்லிச் சுண்ணாம்புக் கட்டியை விற்றவனைத் தோட்டத்தில் நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். என்னையா ஏமாற்றுவது என்று கொதித்தேன். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் அவர் முகத்தில் வீசி எறிவதற்காக.

மாசி வீதி நாலிலும் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். சிவப்பு எங்கும் இல்லை. ஒரு கடையில், "செவப்பா? குங்குமம் அம்மன் சன்னதியில கெடைக்கும்" என்று கிண்டல் வேறு. அலைந்து முடித்தபோது கடைசி பஸ் போயிருந்தது. சத்திரத்தில் படுத்தேன். தூக்கம் இல்லை. பொட்டலம் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது, புரண்டு படுத்தேன்.

விடிந்ததும் ராவுத்தர் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். பொட்டலத்தை மேஜையில் போட்டு, தெரிந்த வசவையெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பொட்டலத்தைப் பார்த்தார். அதில் அநேகமாக எல்லா மாத்திரையும் அப்படியே இருந்ததைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது.

"இதுல ஒண்ணுகூடவா குடுக்கல?"

"சுண்ணாம்பை எதுக்குக் குடுக்கணும்?"

"யா அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காரு தம்பி. கத்துறத அப்புறம் கத்திக்கலாம். செவப்பு மாத்திரையக் கரைச்சு ஒரு கண்ணாடிக் குப்பியில ஊத்தி, அதுல கிருமியப் போட்டா என்னாகும்?"

"செத்துப் போகும்."

"சாகாது. நல்லா நீந்தி வெளையாடும். அதே மாத்திரைய, கிருமி ஏறின எலிக்குக் குடுத்தா எலி பொழைக்குது. குப்பியில வேலைக்காகாத மருந்து ஒடம்புக்குள்ள போனா எப்பிடி வேலைக்காகுது? சீமையில பெரிய பெரிய ஆளுகளே இதுல மண்டையப் பிச்சுக்கிட்டாக."

எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக மருந்து கொடுக்கிறேன், இப்படி ஒரு கேள்வியே எனக்குத் தோன்றியதில்லை. வாயில் போட்டால் மருந்து உள்ளே போய் வேலை செய்யும், அவ்வளவுதான் நான் அறிந்தது.

"ஒடம்புக்குள்ள என்சைம்னு ஒரு ஜாதி இருக்கு" என்றார். "தோசை மாவு புளிக்குதே, அதுக்குள்ள வேலை பாக்குறதும் அந்த ஜாதிதான். உள்ள வார எதையும் அது முழுசா விடாது. வெட்டும், ஒட்டும், மாத்தும். ஒன் செவப்பு மாத்திரை இருக்கே, அத ரெண்டு துண்டா வெட்டுது. ஈரல்லயா கொடல்லயான்னு இன்னும் சண்டை நடக்குது, அது கெடக்கட்டும். வெட்டுனதுல ஒரு துண்டு வெள்ளை. கிருமிய அடக்குறது அந்த வெள்ளைதான் தம்பி. செவப்பு வெறும் சாயம். வெட்டுப்படாத மிச்சம் நீர்ல செவப்பாப் போகுது. வெள்ளைதான் மருந்துன்னு தெரிஞ்சதும் அத மட்டும் தனியாச் செஞ்சு விக்க ஆரம்பிச்சுட்டாக. நேத்து மத்தியானம் நான் ஒன் கையில குடுத்தது அதுதான்."

பொட்டலத்தைப் பார்த்தேன். நேற்று மத்தியானத்திலிருந்து என் நெஞ்சிலேயே இருந்தது. அந்த நேரமெல்லாம் அங்கே கட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த வெள்ளையையும் ஒடம்பு சும்மா விடாது. ஈரல் அதுக்கு ஒரு வாலைக் கட்டிரும். வால் கட்டுனது கிருமிய ஒண்ணும் செய்யாது, நீரோட வெளிய போயிரும். அதுக்குத்தான் நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா புதுசாக் குடுக்கணும்னு சொன்னேன். மருந்து எது, விசம் எதுன்னு ஒடம்புக்குத் தெரியாது தம்பி. வேத்து ஆளு வந்துட்டான், வெட்டு, கட்டு, தள்ளு. அம்புட்டுதான் தெரியும். பாலிஷ் போடுற ஸ்பிரிட்டக் குடிச்சுட்டுக் கண்ணு போயி வாரானுக பாரு, அந்த ஸ்பிரிட்ட விசமாத் திரிக்கிறதும் இதே கைதான். இங்க வெட்டுனது நமக்கு மருந்தாப் போச்சு. நம்ம நல்ல நேரம்."

நான் எழுந்தேன். அவர் விடவில்லை.

"ஒதடும் நகமும் நீலமாத் தெரியும். பயந்து நிறுத்திறப் போறாக. முன்கூட்டியே சொல்லிரு. முட்டை வேணாம், பேதி உப்பு வேணாம். தண்ணி நெறையக் குடிக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "செவப்பு குடுத்தப்ப நீர் செவப்பாப் போகும்னு சொன்னியா? ஒனக்குத் தெரியுமுல்ல?"

தெரியும். தோட்டத்தில் அந்த இரண்டு பெண்களுக்கும் அப்படித்தான் போயிற்று. வாளியை நானே பார்த்தேன். அக்கா மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது என்று கூச்சம். கூடப்பிறந்தவளின் மூத்திரத்தைப் பற்றி நான் பேசுவதா என்று விட்டுவிட்டேன். அவளும் அதே கூச்சத்தில்தான் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருந்தாலும் அரை நிமிஷப் பேச்சு அது.

"சொல்லலைங்க" என்றேன். "ஓடு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் டயர் வெடித்தது. டிரைவர் அவசரமே படாமல் வயலில் இறங்கி வைக்கோலை அள்ளி வந்து டயருக்குள் திணித்தார். நானும் திணித்தேன், என் அவசரத்தைப் பார்த்து, "மெதுவாண்ணே, வைக்கலு எங்கயும் ஓடிறாது" என்று ஒருவர் கிண்டல் செய்தார். மிச்ச வழியெல்லாம் அந்த வண்டி நொண்டிக்கொண்டு ஊர்ந்தது. உசிலம்பட்டியிலிருந்து வண்டிக்குக் காத்திருக்காமல் வெயிலில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனேன். ஊர் எல்லை வந்ததும் ஒப்பாரி கேட்கிறதா என்று நின்று காது கொடுத்தேன். எங்கோ ஒரு ஆடு கத்தியது, அவ்வளவுதான்.

அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. இந்தத் தடவை எதையும் விடவில்லை. உதடு நீலமாகும், நகம் நீலமாகும், மூத்திரம் நிறம் மாறாது, தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னேன்.

"பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணியா?" என்று திகைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்கு நாக்கை நனைக்கத்தான் அங்கே தண்ணீர். ஆனாலும் போய் ஒரு குடத்தைத் தூக்கி வந்தாள்.

அன்று ராத்திரிக்குள் உதடு நீலமாகிவிட்டது என்று அத்தை வந்து சொன்னாள். பயந்துபோயிருந்தாள், ஆனாலும் நிறுத்தவில்லை. மறுநாள் அக்கா ஆளே தெரியாமல் பினாத்திக்கொண்டு கிடந்தாள். அதற்கு மறுநாள் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, சூடும் குறைந்து, "புள்ளய எங்க?" என்று கேட்டாள். சுவரின் இந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டேன்.

வெளியே ஊர் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தது. நான் கொல்லையில் கத்தியதை வேலியோரம் கேட்ட பெண்கள் கிணற்றடி வரைக்கும் கொண்டுபோயிருந்தார்கள். மருமகளைக் கொல்லப் பார்த்தவள் என்று ஒருத்தி காது படவே சொன்னாள். மச்சான் நாலு நாளாக அம்மா கையால் சாப்பிடவில்லை, பங்காளி வீட்டில் சாப்பிட்டார். அத்தையோ ராத்திரி பகல் பாராமல் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கடிகாரம் இல்லை. நிழலையும் நட்சத்திரத்தையும் பார்த்துக் கொடுத்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. அவள் மாத்திரைக்காக வந்து நின்றபோது சொல்லிவிட்டேன்.

"அத்தை, சிவப்பாப் போகும்னு எனக்கு முன்னாடியே தெரியும். கூச்சத்துல சொல்லல. இந்த வெள்ளை மாத்திரையும் ஒரு நாளு முழுக்க என் பையிலதான் கெடந்துச்சு. சுண்ணாம்புன்னு நெனச்சேன். நீங்க எறிஞ்சது சாயத்துக்குப் பயந்து. நான் மருந்தையே—"

"மெதுவாப் பேசு" என்றாள். கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள கேட்டுறப் போகுது. இன்னும் மூணு நாளைக்கு முழுங்கணும்னு சொன்னேல்ல? ஒன்னைய நம்பித்தான் அவ வாயத் தெறக்குறா. கெட்ட பேரு எங்கிட்டயே கெடக்கட்டும். மாத்திரையக் குடு."

கையை நீட்டினாள். இரண்டை வைத்தேன். உள்ளே போய்விட்டாள்.

அந்த மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. அவளை ஊர் பேசியது, பக்கத்திலேயே நின்று கேட்டேன். பொட்டலம் காலியான அன்று சோளக்காட்டில் மச்சானைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடந்தார். நான் பின்னால் போனேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்தா, கஞ்சி ஊத்து."

அவள் அவரையும் பார்த்தாள், வாசல்படியில் நின்ற என்னையும் பார்த்தாள். இரண்டு கஞ்சிக் கும்பாவை எடுத்துவைத்தாள்.